நிலக்ஷனுக்கு நான் போட்ட நாற்பது

இங்கே ஜெர்மனியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லிப் புவனேந்திரன் அண்ணை கேட்டார். அவர்தான் செயலாளர். "எங்கட பிள்ளையளில அமெரிக்காவுக்குப் போய் பேஸ்போல் விளையாடினது கமலாம்பிகையின்ர மகன் ஒருத்தன்தானே. நீங்கள்தான் அந்த விளையாட்டோட திரியிற ஆள். ஒரு பக்கம் காணும். ஒரு படமும் போடுவம்," என்றார்.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எதற்கும் முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு இருந்து தலையைச் சொறிகிற வியாதி எனக்கு உண்டு. இந்தக் கதை ஒரு பக்கத்தில் அடங்காது. அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத டோர்ட்மண்டில் அருகதை இல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான். அதையும் சேர்த்து எழுதப்போகிறேன். நீளத்தான் செய்யும்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. பெயர் தேவமலர், வயது ஐம்பத்து மூன்று. ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, எண்ணி, தட்டில் அடுக்கி லிஃப்டில் மேலே அனுப்புகிற பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கத்தரிக்கோல் ஒன்று குறைந்தாலும் எனக்கு நித்திரை வராது. மலர் எண்ணினால் சரியாக இருக்கும் என்று மேல்மாடியில் சொல்லுவார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்தக் கதையைக் கெடுத்ததே அந்தத் தலைக்கனம்தான்.

பேஸ்போலுக்கு நான் வந்தது என் மகன் அனுஜனால். ஒன்பது வயதில் அவன் கழகத்தில் சேர்ந்தான், பன்னிரண்டில் அலுத்துப்போய் விட்டான். நான் விடவில்லை. மைதான ஓரத்தில் குளிருக்குள் நின்ற தாய்மாரிடம் ஸ்கோர் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது கையைத் தூக்கினவள் நான். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் எல்லே என்கிற மட்டைப்பந்து விளையாடினவளுக்கு, மட்டையால் அடித்துவிட்டு வட்டம் ஓடுகிற இந்த விளையாட்டு விளங்க அரை மணித்தியாலம் போதும். வருடம் போகப் போக, பந்து மட்டையில் படுமுன்னமே அது எவ்வளவு தூரம் போகும் என்று என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அடிக்கிறவனின் இடுப்பு எப்போது திரும்புகிறது, தோள் எப்போது மூடுகிறது, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அனுஜன் என்னைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்பான். உண்மையாகவே இல்லைத்தான்.

அந்தக் கொப்பியை ஒருநாள் யூலியா பார்த்தாள். அவள் கொலோன் நகரத்துக்காரி. அமெரிக்கக் கழகம் ஒன்றுக்காக ஐரோப்பா முழுக்கத் திரிந்து, நன்றாக விளையாடுகிற இளம் ஆட்களைப் பார்த்து மதிப்பிட்டு அறிக்கை அனுப்புவது அவள் வேலை. எல்லா இடத்திலும் அவளால் நிற்க ஏலாது. எங்கள் ரூர்ப் பிரதேசத்துக்கு இன்னொரு சோடிக் கண் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். சம்பளம் கிடையாது. கழகத்தின் தொப்பி ஒன்று தந்தாள், ஒரு படிவம் தந்தாள்.

அந்தப் படிவத்தை விளக்கவேண்டும், இல்லாவிட்டால் என் பாவம் உங்களுக்கு விளங்காது. அடிக்கிற வலு, பந்தைத் தெரிந்தெடுக்கிற கண், ஓட்டம், எறிவு என்று ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பது வரை புள்ளி. ஐம்பது போட்டால், அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு நடுவில் இவன் சாதாரணமாக நிற்பான் என்று அர்த்தம். அறுபது போட்டால் அங்கே ஒருத்தர் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு வாசிப்பார். நாற்பது என்றால் நல்ல பிள்ளை, ஆனால் எங்களுக்கு வேண்டாம். கடைசியில் ஒரு வெறும் கட்டம் இருக்கும். அன்றைய ஆட்டத்தைப் பாதித்த விசேட காரணம் ஏதும் உண்டா என்று அதற்கு மேல் அச்சடித்திருக்கும். காய்ச்சல், காயம், வீட்டில் சாவு, எது என்றாலும் அதற்குள் எழுதலாம்.

இனி நிலக்ஷன். பதினொரு வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை முடிந்து, புத்தகப் பையோடு மைதானத்துக்கு வருவான். மெலிந்த பிள்ளை, பெரிய காது, கதை குறைவு. எதைச் சொன்னாலும் "ஓம் அன்ரி" என்பான். ஆனால் அவன் மட்டையில் பந்து பட்டால் சத்தம் வேறு. தேநீர்க் கோப்பையோடு கதைத்துக்கொண்டிருக்கிற தாய்மாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்குப் பதினான்கு வயதில் தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். தாய் கமலாம்பிகை ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று பிள்ளையை வளர்த்தாள். அவளுக்கு இந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது. மகன் அடித்த பந்து வேலிக்கு மேலால் போனால் "தொலைச்சுப் போட்டான் போல" என்று கவலைப்படுவாள்.

பதினெட்டு வயதில் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி அவனைப் புலமைப்பரிசிலோடு கூப்பிட்டது. இரண்டாம் வருடம் உள்ளங்கையில் ஒரு சின்ன எலும்பு உடைந்து சத்திரசிகிச்சை நடந்தது. திரும்ப மட்டை பிடிப்பானோ என்று எல்லோருக்கும் பயம். கமலாம்பிகை ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்பாள் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தாள். பிள்ளையின் கை சுகமாகி விளையாடினால், படிப்பு முடிந்து வந்ததும் முதுகுத் தோலில் கொக்கி மாட்டிச் செடில் குத்திக் காவடி எடுப்பான் என்று. கை சுகமாகியது. நாலாம் வருடம் அவன் அடித்த அடியைப் பார்க்க யூலியாவின் மேலதிகாரியே மார்ச் மாதம் அந்தக் கல்லூரிக்குப் போனார். மட்டையில் பட்ட பந்து மணிக்கு நூற்றெழுபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் போனது என்று கருவி சொன்னதாம்.

அங்கே வருடா வருடம் ஜூலையில் முப்பது கழகங்களும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பெயர் சொல்லி ஆள் எடுப்பார்கள். இருபது சுற்று, அறுநூறுக்குமேல் பெயர். கல்லூரி முடிந்துபோன நிலக்ஷனுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பெயர் சொன்னால் அமெரிக்காவில் இருந்து அதையே தொழிலாகச் செய்யலாம், சொல்லாவிட்டால் மாணவர் விசா முடிந்து வீட்டில் இருக்கவேண்டியதுதான். கல்லூரியில் அடிப்பது உலோக மட்டை, தொழிலில் மர மட்டை. உலோக மட்டையால் வெளுத்து வாங்குகிற பலர் மர மட்டையோடு சுருண்டுபோவார்கள். அதனால் மர மட்டையோடு இவனை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம் என்று மேலதிகாரி யூலியாவிடம் சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு ஜூன் கடைசியில் ஒரு நாளும் குறித்தார்கள்.

மே மாதம் நிலக்ஷன் வீட்டுக்கு வந்தான். வந்த கிழமையே விரதம் தொடங்கியது. இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு, மரக்கறி மட்டும். நான் கமலாம்பிகையிடம், "இப்ப தேவையோ? ஜூலை முடியட்டுமே," என்று ஒரு தடவை கேட்டேன். "அம்பாளுக்குச் சொன்ன சொல்லு, மலர். அவ தந்த கையாலதானே இவன் இப்ப அடிக்கிறான்," என்றாள்.  எனக்கும் அம்பாளோடு கொழுவ ஆசையில்லை.

தேர் அன்று நான் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். காவடிகள் வந்தன. நாலாவது ஆள் நிலக்ஷன். முதுகில் செடில் குத்தி, கயிற்றைப் பின்னால் மாமன் பிடித்து இழுக்க, அவன் மேளத்துக்கு ஆடிக்கொண்டு வந்தான். எனக்கு எண்ணாமல் இருக்க ஏலாதே, எண்ணினேன். எட்டுக் கொக்கி. விரதத்தில் நாலு கிலோ மெலிந்து விலா தெரிந்தது. என்னைத் தாண்டும்போது என்னைக் கண்டு தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் அரோகரா என்றார்கள், எனக்குக் கண் கலங்கியது. பத்து நாளில் ஆறிவிடும், பார்க்கிற நாளுக்கு இரண்டு கிழமை கிடக்கிறதுதானே என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அடுத்த நாள் கமலாம்பிகை தொலைபேசி எடுத்தாள். காவடி ஆட்டத்தில் வலது தோளுக்குக் கீழே ஒரு செடில் தோலைக் கிழித்துவிட்டதாம். நான் வேலை முடிந்து மருந்துக்கடையில் ஒட்டுத்துணியும் களிம்பும் வாங்கிக்கொண்டு போனேன். நானே கழுவி ஒட்டினேன். அவன் குப்புறப் படுத்துக்கொண்டு, "நோகேல்லை அன்ரி," என்றான். கை வைத்தபோது உடம்பு துடித்தது.

அங்கேயிருந்து வீடு வந்து சேரவில்லை, யூலியா அழைத்தாள். ஜூன் கடைசியில் அவள் இத்தாலி போகவேண்டி வந்துவிட்டது, வியாழக்கிழமையே பார்க்கலாமா, பையனுக்குச் சரிவருமா என்று கேட்டாள். அன்றைக்குத் திங்கள். நான் அந்த இடத்திலேயே, இல்லை, அவனுக்கு முதுகில் காயம், தள்ளிப்போடு என்று சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டால் அவனே ஏலாது என்பான், பழி அவனோடு போகட்டும் என்று பார்த்தேன். நிலக்ஷனைக் கேட்டேன்.  "நீங்கள் என்ன நினைக்கிறியள் அன்ரி?" என்றான். "உனக்கு ஏலுமெண்டால் வா," என்றேன். "ஓம் அன்ரி, வாறன்," என்றான். ஏலாது என்று நான் சொல்லுவேன் என்று அவன் பார்த்திருக்கிறான், அவன் சொல்லுவான் என்று நான் பார்த்தேன். பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாமல் பிள்ளையை வளர்த்துவிட்டு, அவன் இல்லை என்று சொல்லவில்லையே என்று குறை பிடிக்கிற ஆட்கள் நாங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம். கருநீலச் சட்டை போட்டு வந்தான், ஏதும் கசிந்தாலும் தெரியாது. யூலியா வேகம் அளக்கிற கருவியோடு வலைக்குப் பின்னால் நின்றாள், நான் மேசையில் கொப்பியோடு இருந்தேன். முதல் அடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இடுப்பு திரும்புகிறது, தோள் முழுக்க மூடவில்லை. கிழிந்த இடம் இழுக்கிறது. பந்து போகிறது, ஆனால் அந்தச் சத்தம் இல்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு அவன் மட்டையை இறக்கிவிட்டு மேசைப்பக்கம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து கொப்பியில் எதையோ எழுதுகிறமாதிரிக் கிறுக்கினேன். நாற்பது பந்து அடித்தான். ஆகக் கூடிய வேகம் நூற்று அறுபத்தொன்று.

யூலியா என்னிடம் வந்தாள். அவளோடு நான் ஜெர்மனில்தான் கதைப்பது. "உலோக மட்டைக்காரன் போலிருக்கிறது, மரத்தோடு வலு போய்விட்டது," என்றாள். அது பிழை என்று எனக்குத் தெரியும். இவன் பதினாறு வயதிலிருந்து எங்கள் மைதானத்தில் மர மட்டையால்தான் அடித்தவன், என் கொப்பியில் திகதியோடு இருக்கிறது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மலர், இந்தக் குடும்பத்தை உனக்குத் தெரியும். பையனுக்கு உடம்புக்கு ஏதும் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டாள்.

"எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு காரணம் சொல்லலாம், இரண்டும் சாட்டுத்தான். ஆறு வருடத்துக்கு முன் இன்னொரு தமிழ்ப் பிள்ளையை நல்லாய் எழுதினபோது, கழகத்தில் ஒருவன், "ஓ, உன்னுடைய ஆளா," என்று சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஒரு புள்ளி குறைத்தே போட்டேன், ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று. இன்னொன்று, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் ஒருநாள் தேர்ப்படம் காட்டினேன். காவடிப் படம் வந்ததும் பக்கத்தில் இருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த முகம் போதும். தொழிலுக்கு ஆள் எடுக்கிற நேரத்தில் முதுகில் கொக்கி குத்திக்கொண்ட ஒருவனைப் பற்றி அமெரிக்காவில் என்ன நினைப்பார்கள், பைத்தியம் என்பார்கள், அதைவிட மரமட்டைக்குச் சரியில்லாதவன் என்று போகட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுகூட அன்றைக்கு நம்பினேன். உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். கோயிலில் கண் கலங்கினவளுக்கு, மைதானத்தில் அந்த முதுகு தன்னுடைய ஆட்களின் முதுகு என்று சொல்ல வெட்கம்.

அடிக்கிற வலு, நாற்பது. கீழே கட்டத்தை வெறுமையாக விட்டேன். யூலியா வாசித்துவிட்டு, "உன்னைப்போல நேர்மையான ஆள் எனக்கு வேறு எந்த நாட்டிலும் இல்லை," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

ஜூலையில் பெயர் சொல்லுகிற இரண்டாம் நாள், கமலாம்பிகை வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். போகாமல் இருக்கச் சாட்டு இல்லை. பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கியது. தொலைக்காட்சியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்க, அவள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து வந்து, "இப்ப எத்தினையாம் சுற்று?" என்று கேட்டாள். நிலக்ஷன் தரையில் இருந்தான், தொலைபேசியை முழங்காலில் வைத்துக்கொண்டு. பத்தாம் சுற்று போனது, பன்னிரண்டு போனது. ஒவ்வொரு தடவையும் யூலியாவின் கழகத்தின் முறை வரும்போது அவன் முதுகை நிமிர்த்துவான்.  பதினைந்தாம் சுற்றில், எனக்கு விடிய வேலை என்று பொய் சொல்லி எழும்பினேன். வாசல்வரை வந்து கமலாம்பிகை என் கையைப் பிடித்தாள். "நீங்கள் பிள்ளைக்காக எவ்வளவு பாடுபட்டனீங்கள் மலர். மறக்கமாட்டன்," என்றாள். வெளியே இன்னும் வெளிச்சமாக இருந்தது. ட்ராம் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒருவரும் அழைக்கவில்லை. அடுத்த மாதம் ஒல்லாந்துக் கழகம் ஒன்று, எங்களோடு ஒரு வருடம் விளையாடு, அங்கிருந்து திரும்பவும் முயற்சி செய்யலாம் என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் திருத்துகிற நிறுவனம் ஒன்றில் Ausbildung என்கிற தொழிற்பயிற்சி தொடங்கினான். இவ்வளவு சுலபமாக விட்டானே என்று எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, ஒளிப்பானேன். அவனுக்கே அவ்வளவு ஆசை இல்லைப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவருடம் வசந்தத்தில் யூலியாவும் நானும் வேறொரு பிள்ளையைப் பார்க்கப் போனோம். ஜெர்மன் பிள்ளை, பதினெட்டு வயது, அன்றைக்கு உற்சாகமே இல்லாமல் அடித்தான். தகப்பனைக் கேட்டேன், மூன்று நாளுக்கு முன் கடைவாய்ப்பல் பிடுங்கினதாம். கட்டத்தில் எழுதினேன். யூலியா அதை வாசித்துவிட்டு, "அப்படியா, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை பார்ப்போம்," என்றாள். அவ்வளவுதான். ஒரு வரி. பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை ஐம்பத்தைந்து வாங்கினான். பல்லுக்குக் கொடுத்த வரியை நான் அந்த முதுகுக்குக் கொடுக்கவில்லை. அன்றோடு யூலியாவிடம், வேலை கூடிவிட்டது, இனி என்னால் ஏலாது என்று சொல்லித் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தை அவளுக்கும் சொல்லவில்லை.

புவனேந்திரன் அண்ணை மலருக்கு ஒரு பக்கம் எழுதக் கேட்ட அதே கிழமை, ஆஸ்பத்திரியில் தட்டுகள் மேலே போகிற லிஃப்ட் நின்றுவிட்டது. நிறுவனத்துக்குச் சொன்னோம். வந்து நின்றது நிலக்ஷன். இருபத்தைந்து வயது, தாடி, இடுப்பில் கருவிப் பை, அதே காது. "அன்ரி, நீங்கள் இங்கையோ வேலை," என்று சிரித்தான். ஒரு மணித்தியாலம் உள்ளே குனிந்து எதையெதையோ கழற்றிப் பூட்டினான். நான் இயந்திரத்தில் தேநீர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கினம்," என்றேன்.

"என்னைப் பற்றி என்னத்தை எழுதப்போறியள். விளையாடினான், எடுபடேல்லை, இப்ப லிஃப்ட் திருத்திறான். மூண்டு வரி."

"ஒல்லாந்துக்காரர் கேட்டதுக்கு ஏன் ஏலாதெண்டனி? அங்கயிருந்து திரும்ப ஒருக்கால் பாத்திருக்கலாமே."

அவன் துணியில் கையைத் துடைத்தான். "பேந்து என்னத்தைப் பாக்கிறது அன்ரி. என்ர முதுகைப் பற்றித் தெரிஞ்சும் அவை வேண்டாமெண்டு விட்டினம். அப்ப நான் அவ்வளவுதான் எண்டு விளங்கிச்சுது."

"ஆருக்கு உன்ர முதுகைப் பற்றித் தெரியும்?"

"யூலியா ஆக்களுக்கு. நீங்கள் எழுதியிருப்பியள்தானே," என்று சாதாரணமாகச் சொன்னான். "அண்டைக்கு மூண்டாவது அடியோட சரியா நொந்தது. யூலியாவிட்டச் சொல்லுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு உங்களைப் பாத்தன். நீங்கள் குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தியள். அதைக் கண்ட பிறகு மனம் ஆறியிட்டுது. அன்ரி கோயில்ல நிண்டவ, மருந்து போட்டவ, அவ எழுதிறா, நான் ஏன் வாயால சாட்டுச் சொல்லவேணும் எண்டு விட்டிட்டன்."

  மூன்று வருடம் வராத சொல் அப்போது வந்தது.

"நான் எழுதேல்லை, நிலக்ஷன்."

அவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்தபடி நின்றான்.

"கேட்டவ. யூலியா நேராக் கேட்டவ. ஒண்டுமில்லை எண்டு சொன்னன். எனக்கு வெக்கமாயிருந்தது, உன்ர முதுகை அவைக்குச் சொல்ல. மன்னிச்சுக்கொள் எண்டு கேக்கவும் எனக்கு முகமில்லை."

 கழுவுகிற இயந்திரம் ஒன்று வேலை முடிந்து கீச்சிட்டது, நான் போய் நிறுத்தவில்லை.

"எத்தினை போட்டனீங்கள்?" என்று கேட்டான்.

"நாப்பது."

தலையாட்டினான். "அண்டைக்கு அடிச்சது நாப்பதுதான் அன்ரி. சரியாத்தான் போட்டிருக்கிறியள்." பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "காயமில்லாட்டி?" என்றான்.

"அறுபது."

"அறுபது," என்று அவனும் மெல்லச் சொன்னான். நாலு வருடக் கல்லூரியிலும் அவனுக்கு அந்த எண்ணை ஒருவரும் சொல்லவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடிக்கிறவனிடம் புள்ளியைச் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருப்பேன். லிஃப்டை ஓடவிட்டுப் பார்த்தான், மேலே போய்க் கீழே வந்தது. கருவிகளை எண்ணிப் பைக்குள் வைத்தான். போகும்போது கதவடியில் நின்றான்.

"அன்ரி, இதை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அண்டைக்கு நொந்தது அவவுக்குத் தெரியாது. காயத்தாலதான் எடுபடேல்லை எண்டு தெரிஞ்சால், தன்ர நேத்திதான் என்னைக் கெடுத்தது எண்டு நினைப்பா. அவ உங்களை ஏசமாட்டா. தன்னைத்தான் ஏசுவா."

"சரி," என்றேன்.

ஆகவே இவ்வளவும் எழுதியும் இதை மலருக்குக் கொடுக்க ஏலாது. என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கப்போகிறது. புவனேந்திரன் அண்ணைக்கு வேறு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ப் பாடசாலைப் பை, மட்டையின் சத்தம், கை உடைந்து சுகமானது, மார்ச் மாதத்து நூற்றெழுபத்தைந்து, எல்லாம் எழுதினேன். அதற்குப் பிறகு, "அவ்வருடத் தெரிவில் அவர் இடம்பெறவில்லை," என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். காரணம் எழுதவில்லை.

மலர் வெளிவந்த அன்று கமலாம்பிகை தொலைபேசி எடுத்தாள். "வடிவா எழுதியிருக்கிறியள் மலர். படத்தோட வெட்டிச் சுவரில ஒட்டியிருக்கிறன்," என்றாள். "ஒண்டையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுத உங்களாலதான் ஏலும்."

ஓம் என்று சொன்னேன்.